விழாமல் நிற்பதற்காக

1938 நவம்பர் 5, சனி. பூந்தமல்லி

திங்கட்கிழமை முதன்முதலாக எங்களை ஆபரேஷன் அறைக்குள் விடுகிறார்கள். சும்மா நின்று பார்க்கத்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதைக் கிணற்றடியில் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடா மொய்தீனு, தொழுவறதுக்கு ஒளு செய்யற மாதிரியே கீது!" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

அவளுக்குக் குளிர்காய்ச்சல் விட்டு ஒரு வாரங்கூட ஆகவில்லை. ரமலான் நோன்பு கூடாது, வேளாவேளைக்குக் கஞ்சியும் கொய்னா மருந்தும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், உடம்பு தேறியபின் பிடித்துக்கொள்ளலாம் என்றார். இப்போதுதான் அடங்கிச் சாப்பிடுகிறாள்.

நவம்பர் 6

கூடப் படிக்கும் ராஜசேகரன் மண்ணூர்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தான். "வெறும் வயித்தோட வந்து தொலைக்காத மச்சான். போன வருஷம் ஒருத்தன் ரத்தத்தைப் பாத்துட்டு, கத்தி வச்ச மேஜை மேலயே சாஞ்சுட்டான். சர்ஜன் வெளிய தள்ளிட்டாரு. இன்னிக்கும் அவனைப் பாத்தா சிரிக்கிறானுங்க" என்றான். நானும் சிரித்தேன். அவன் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

எங்கள் தெருவில் டாக்டருக்குப் படிப்பவன் நான் ஒருவன்தான். பாய் வீட்டுப் பிள்ளை விழுந்தான் என்று பேர் வாங்கவா இவ்வளவு தூரம் போனேன்?

நோன்பை விடமாட்டேன். இந்த ரமலானில் இதுவரை ஒன்றுகூட விடவில்லை. அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

நவம்பர் 7

விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள ஓட்டல். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். இட்லி, வடை, காப்பி. பயத்தில் ருசிகூடத் தெரியவில்லை — ஆனால் இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு வண்டிக்காரருக்குக் குடலிறக்கம். ஈதர் வாடை மூக்கில் ஏறியது. கத்தி தோலில் ஓடியபோது சுவரோடு ஒண்டிக்கொண்டேன். விழவில்லை.

பஸ் ஏறுமுன், சாம்பார் வாடை போக வேப்பங்குச்சியால் பல்லைத் தேய்த்தேன். நோன்பு திறக்கும் நேரத்தில் அம்மா முதல் பேரீச்சம்பழத்தை என் கையில்தான் வைத்தாள். தங்கை வஹீதுன்னிசாவிடம் சொல்கிறாள்: "புள்ள ரத்தத்தையும் பாத்துகினு, பசியையும் தாங்கிகினு நின்னுட்டு வந்துகீறான். பாய்ல படுத்துகினு கெடக்கிற எனக்கு இன்னா கேடு? நாளையிலேந்து நானும் புடிக்கிறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

நவம்பர் 8

அம்மா நோன்பு. டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "நீ உட்டியா? என்னை மட்டும் உடச் சொல்ற!" என்றாள். இன்று நானும் ஒழுங்காகப் பிடித்தேன். யாருக்கு என்ன பிரயோசனம்?

நவம்பர் 10

மறுபடி ஆபரேஷன். மறுபடி ஓட்டல். இந்தத் தடவை தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். சீ.

நவம்பர் 12

சாயங்காலம் அம்மா கிணற்றடியில் சுருண்டு விழுந்தாள். வஹீதுன்னிசா போட்ட கூச்சலில் ஓடினேன். தொட்டால் நெருப்பு. தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். "இன்னும் கொஞ்ச நேரந்தான் கீது. பாங்கு சொல்லட்டும், நோன்பு தொறந்துக்கறேன்."

சொல்லிட்டேன். வஹீதுன்னிசா எதிர்லயே சொல்லிட்டேன். யம்மா, நான் நோன்பு புடிக்கலம்மா. ஓட்டல்ல சாப்ட்டேன். ரெண்டு ஆபரேஷன் நாளும் சாப்ட்டேன். உழுந்துடுவேன்னு பயந்துகினு சாப்ட்டேன். என்னைப் பாத்து நீ சாவாதம்மா, குடிம்மா.

அம்மா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

நவம்பர் 13

கஞ்சி குடித்தாள். கொய்னாவும் விழுங்கினாள். எல்லாம் வஹீதுன்னிசா கையால். என்னோடு பேசவில்லை.

நவம்பர் 24, நோன்புப் பெருநாள்

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புதுச்சட்டையைக் கொடுத்துவிட்டு, இத்தனை நாளில் முதல்தடவையாகப் பேசினாள். "உட்ட நோன்பைத் திருப்பிப் புடி. ஆபரேஷன் பாக்குற நாளாப் பாத்துப் புடி. மிச்சத்தை அல்லா கிட்ட நீயே பேசிக்க."

டிசம்பர் 1

இன்று நோன்பு. ராஜசேகரன் ஓட்டல் வாசலில் நின்று கூப்பிட்டான். வரவில்லை என்றேன். தொப்பி தலையில்தான் இருந்தது.

ரயிலில் அடிபட்ட ஒருவரின் காலை எடுத்தார்கள். எலும்பில் ரம்பம் போகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ராஜசேகரன் இரண்டு தடவை வெளியே போய்வந்தான். நான் சுவரைத் தொடவில்லை. நாக்கு வறண்டது, அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் அம்மா பேரீச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உழுந்தியா?"

"இல்லம்மா."

தலையை ஆட்டிக்கொண்டாள். பழத்தை என் கையில் வைத்தாள்.

"அப்ப அன்னிக்கும் உழுந்திருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாங்கு சொல்லி முடித்தார்கள். பழம் கையிலேயே இருந்தது.