கஜபதியிடம் கேட்ட விளம்பரம்

திருமுல்லைவாயில்,
14-9-1997, ஞாயிறு

அன்பு மகள் நாகவல்லிக்கு உன் நைனா எழுதுவது. மாசிலாமணீசுவரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் குழந்தை கொடியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினம் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமை நீ பரந்தாமன் வீட்டுக்குப் போன் செய்தபோது ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடி போனில் சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது என்று தெரியும். நீ அம்மா இல்லை போ என்று நாலு வயதுப் பிள்ளை சொன்னால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும். உன் அம்மா இதையெல்லாம் எழுதாதே, தனியாகக் கிடக்கிற பெண், அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்வாள் என்கிறாள். எழுதாவிட்டால் நீயாக ஒன்று நினைத்துக்கொண்டு அதைவிட அதிகமாக அழுவாய் என்று எனக்குப் படுகிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ போனதும் முதல் சம்பளத்தில் அனுப்பிய பணத்தில் கலர் டிவி வாங்கினோம் அல்லவா, அதற்குக் கேபிள் கொடுத்தவன் ஸ்டேஷன் ரோட்டுக் கஜபதி. மொட்டை மாடியில் பெரிய குடை கவிழ்த்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் முழுக்க அவன்தான் ஒயர் இழுத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் சொந்தச் சேனலில் கேசட் போட்டுப் படமும் காட்டுவான். எனக்கு இந்த விளம்பரம் என்றாலே ஆகாது, நீ அறிந்ததுதான். ஒரு பாட்டு முழுசாகப் பார்க்க விடமாட்டான், கதாநாயகி அழ ஆரம்பித்தால் நடுவில் சோப்பு, அவள் கண்ணைத் துடைப்பதற்குள் பற்பொடி, பிறகு அம்பத்தூர் ஜவுளிக்கடை, ஆவடி நகைக்கடை. காசு கொடுத்துக் கேபிள் வைத்துக்கொண்டு கடைக்காரன் கூச்சலை ஏன் கேட்கவேண்டும் என்று விளம்பரம் வந்தால் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அப்படிக் குறைத்தால் கொடி கத்துவாள். அதுவும் எல்லா விளம்பரத்துக்கும் இல்லை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விளம்பரம் ஒன்று சாயங்காலத் தொடரின் நடுவே வரும், அதில் மஞ்சள் சேலை கட்டிய பெண் ஒருத்தி ஒரு சின்னப் பெண்ணை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டு உச்சியை முகர்ந்து பார்த்துச் சிரிப்பாள், அதற்கு மட்டும்தான் அந்தக் கத்தல். கத்திச் சத்தம் வைக்கச் சொல்லிவிட்டு, அவளே டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பார்க்காத விளம்பரத்துக்கு இத்தனை அமர்க்களமா, திமிரைப் பார் என்று நான் சிரித்திருக்கிறேன்.

இப்படியிருக்க இந்த ஆவணியில் கஜபதி வாடகையை அறுபதிலிருந்து நூறாக ஏற்றிவிட்டான். கேட்டால் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று சேனல்காரன் தன்னிடம் பிடுங்குகிறான் என்று கை விரிக்கிறான். கம்பெனியில் யூனியனில் இருந்த பழக்கம் எனக்கு லேசில் போகுமா, பிள்ளையார் கோயில் முனையில் தெருவையே கூட்டிவைத்து ஒருத்தரும் கட்டக்கூடாது, கட்டினால் அவன் நாளைக்கு இருநூறு கேட்பான் என்று பேசினேன், எல்லாரும் கை தட்டினார்கள். கஜபதி மறுநாளே ஏணி வைத்துக் கம்பத்தில் நம் தெருவுக்கு வரும் ஒயரை வெட்டிவிட்டுப் போய்விட்டான். நல்லதாகப் போயிற்று, வீடு அமைதியாக இருக்கிறது என்று நான் காலை நீட்டிப் படுத்தேன். கொடிதான் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலமானால் டிவியைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள், பிறகு கதவோரம் போய்ப் படுத்துக்கொள்வாள். டிவிப் பைத்தியம், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் போன் வந்தது. முன்பெல்லாம் ரிசீவரைக் காதில் வைத்தால் மிரண்டுபோயாவது நிற்பாள், அன்று நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தூக்கி எறிந்துவிட்டாள். வீட்டுக்கு இழுத்துவந்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று அதட்டினேன். அது அம்மா இல்ல தாத்தா, அம்மா கொரலு அப்டி இருக்காது, அம்மா டிவில கீது, ஒயரு அறுந்துட்ச்சி, அம்மாவால வர முடியல என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அடுப்படியில் உன் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். விசாரித்தால், நீ போன புதிதில் குழந்தை அம்மா எங்கே அம்மா எங்கே என்று கேட்டுச் சோற்றுக்கு வாயே திறக்காமல் அழும்போது, ஒருநாள் அந்த விளம்பரம் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் உன்னைப் போலவே நெற்றி, மூக்குத்தியும் அதே பக்கம். அதோ பாரு உன் அம்மா, நீ துன்றியான்னு பாத்துகினு கீறா, வாயத் தொற என்று ஒரு வாய் ஊட்டியிருக்கிறாள். குழந்தை தின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. அந்த எண்ணெய்க் கம்பெனிக்காரன் ஒரே விளம்பரத்தை இத்தனை வருஷம் போட்டுக்கொண்டிருப்பான் என்று அவள் கண்டாளா. சோறு எறங்குனா போதும்னு இருந்தேன், இப்படி மனசுல உக்காந்துக்கும்னு தெரியலியே என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள்மேல் கோபப்படாதே வல்லி, அவள் இப்போது குழந்தையின் முகத்தையே ஏறிட்டுப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாளே, அது திமிர் இல்லை. நான் மடியில் வைத்துக் கேட்டேன். அம்மா எப்பவும் அந்தப் பாப்பாவுக்கே தல வாருது, எனக்கு வாரவே இல்ல என்றாள். விளம்பரம் வந்ததும் சடையை அவிழ்த்துவிட்டு, அம்மா கைக்கு எட்டட்டும் என்று டிவியின் பக்கமாக முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை நாளும். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்த அறுபது வருஷத்தில், என் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை வல்லி. உன் போட்டோவைக் காட்டி இதுதான் உன் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தபோது நீ பயந்துபோய் முழித்துக்கொண்டிருப்பாயே அந்தப் படம், வேறு படம் வீட்டில் எது இருக்கிறது. இது யாரோ அத்தை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நேற்றுக் காலையில் நானே கஜபதியிடம் போய் நூறு ரூபாயைக் கட்டிவிட்டு வந்தேன். நம் வீட்டுக்கு மட்டும் ஒயர் வருவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இன்னா தலிவரே, எங்கள கட்டாதீங்கன்னு சொல்லிட்டு நீ மொதல்ல கட்டிட்டியே என்று பரந்தாமன் நாலு பேர் முன்னால் கேட்டான். முப்பது வருஷம் கம்பெனியில் வேலை நிறுத்தம் என்றால் கேட் பக்கம் தலைவைக்காதவன் நான், எனக்கு அந்த வார்த்தை எப்படிச் சுட்டிருக்கும் என்று உனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பான். என் மகளுடைய பெண் பெற்றவளைத் தெரியாமல் வளர்கிறாள் என்று தெருவில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் என்னைக் கருங்காலி என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். அவ்வளவும் பட்டு டிவியைப் போட்டால் அந்த எண்ணெய் விளம்பரம் வருகிற சேனல் மட்டும் புள்ளி புள்ளியாக இரைகிறது. சேனல்காரனுக்கும் கஜபதிக்கும் தகராறாம், அவன் கேட்ட காசை இவன் கொடுக்கமாட்டேன் என்று அந்தச் சேனலையே எடுத்துவிட்டானாம். கொடி சடையை அவிழ்த்துவைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த இரைச்சலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். நான்தான் தூக்கிப் பாயில் போட்டேன்.

இன்று காலை மறுபடியும் போனேன். சேனல் வராவிட்டால் போகிறது, அந்த எண்ணெய் விளம்பரத்தை மட்டுமாவது எங்கிருந்தாவது பிடித்துப் போடு என்று கேட்டேன். இன்னா பெர்சு, வெளம்பரத்த நிறுத்துன்னு என்னாண்ட சண்ட போடாத ஆளே இந்த ஊர்ல இல்ல, வெளம்பரம் போடுன்னு வந்த மொத ஆளு நீதான் என்று கடகடவென்று சிரித்தான். அவனிடம் சொல்லிவிட்டேன் வல்லி. தெருவில் சொல்ல முடியாததை அந்தச் சண்டைக்காரனிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். என்னை உட்காரவைத்து, அது வோணாம் நைனா, பொய்யியே திரும்பப் போட்டா புள்ள அதியேதான் புடிச்சிக்கும், ஒன் பொண்ண அங்க ஒரு வீடியோ கேசட்டு எடுத்து அனுப்பச் சொல்லு, ஞாயித்துக்கெழம படத்துக்கு நடுவுல வெளம்பரம் போடற நேரத்துல நான் போடறேன், அதே டிவில அவங்க அம்மாவ அது பாக்கட்டும், காசு கீசுன்னு பேசாத என்றான். இவனைப் போய் ஊரைக் கூட்டித் திட்டினேனே என்று இருந்தது. ஆனாலும் நூறு ரூபாய் அநியாயம்தான், அதை அவனிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உன் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற மலையாளத்துப் பெண்ணின் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கேள். முத்தாபுதுப்பேட்டை வேம்புலியின் மகன் அங்கிருந்து அடுத்த மாதம் லீவில் வருகிறானாம், அவனிடம் கேசட்டைக் கையில் கொடுத்தனுப்பு, தபாலில் போடாதே. மஞ்சள் சேலை கட்டாதே, அந்தப் பெண்ணைப் போல வேஷம் போடவேண்டாம், வேலைக்குப் போகிற வெள்ளை உடுப்பிலேயே இரு, இதுதான் என் அம்மா என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். அழாமல் பேசு. முடியாவிட்டால் அழுதுகொண்டே பேசு, அதுவும் அவள் பார்க்கவேண்டியதுதான். வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, கட்டிக்கொண்டவன் கைவிட்டுப் போன பிறகு எங்களை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டு நீ எதற்காக அங்கே போனாய் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் அதை எழுதவில்லை. எழுதவில்லை என்பதால் நினைக்கவில்லை என்று ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நின்றே வேலை செய்து காலை வீங்கவைத்துக்கொள்ளாதே. நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், உன் பிள்ளை உன் மடியில் வந்து விழவேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. கேசட்டில் மற்றதெல்லாம் பிறகு பேசு, எடுத்த எடுப்பில் அவள் பேரைச் சொல்லி, கொடி, அம்மாவ திரும்பிப் பாரு என்று கூப்பிடு. விளம்பர நேரம் என்றதும் அவள் சடையை அவிழ்த்துக்கொண்டு உனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள நைனா,
கன்னியப்பன்