சமர்த்து வாங்கிய மதிப்பெண்

அன்புத் தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வீட்டு அமைதிக்குத்தான் பத்து நாளாகக் காய்ச்சல், அது ஏன் என்று போகப்போகத் தெரியும், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையால் எழுதி ரொம்ப காலமாகிவிட்டது, ஆபீஸில் நாள் முழுக்கக் கீபோர்டைத் தட்டியே விரல்களுக்குப் பேனா பிடிப்பது மறந்துபோயிற்று, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "அம்மா, ஒரு நிமிஷம்" என்பாய், அந்த ஒரு நிமிஷத்தில் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார், உன் தங்கை வாயாடி வேறு பின்னாலிருந்து கத்துவாள். (அவள் கார் ஓட்டப் பழகுகிறாள், நேற்று நம் கேட்டையே இடித்துவிட்டு, கேட்தான் குறுக்கே வந்தது என்கிறாள்.) இது யாரும் குறுக்கே பேசாமல் நீ முழுசாகக் கேட்க வேண்டிய விஷயம்.

சுற்றி வளைக்காமல் போட்டு உடைத்துவிடுகிறேன். உங்கள் கம்பெனியின் புது அலை எச்சரிக்கை புரோகிராம், நீ இரண்டு வருஷம் ராப்பகல் பார்க்காமல் உழைத்த புரோகிராம், படகுகளுக்குக் கடல் எச்சரிக்கை கொடுக்கிற எங்கள் ஆபீஸில் அதற்கு ஒப்புதல் கொடுக்கும் கையெழுத்து என்னுடையது என்று உனக்குத் தெரியும். நான் போடவில்லை. இப்போது அது இருக்கிறபடி இருந்தால் இனிமேலும் போட மாட்டேன். அறிக்கை திங்கட்கிழமை உங்கள் கம்பெனிக்கு வரும், அதற்குள் என் கையெழுத்திலேயே உனக்கு விஷயம் வந்துசேர வேண்டும் என்று அவசரத் தபாலில் அனுப்புகிறேன். எங்கள் இயக்குநரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், "தாராளமா எழுதுங்க மேடம், அம்மா பிள்ளை சண்டைக்கு ஆபீஸ் பொறுப்பில்ல" என்றார். அறிக்கையில் இல்லாத எதையும் இதில் சொல்லவில்லை, அந்த விஷயத்தில் உன் அம்மா எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். இந்த இடத்தில் நீ கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாய். போய்விட்டு வா, மீதியைப் பிறகு படி.

வந்துவிட்டாயா? சரி, கேள். உங்கள் புரோகிராம் எங்கள் வாசலுக்கு வந்த அன்றே இயக்குநரின் அறைக்குப் போய், இதைச் செய்தவர்களில் என் மகனும் ஒருவன், சோதிக்கிற வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் நல்லதாய்ப் போயிற்று, கூடுதல் கவனத்தோடு பார்ப்பீர்கள் என்று கோப்பை என் பக்கமே தள்ளிவிட்டார். எல்லோரும் நான் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுவேன் என்றே நினைத்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. நீ எழுதிய பகுதியைத் திறந்து பார்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, வரிக்கு வரி அவ்வளவு சுத்தம், அலமாரியில் சட்டையைச் சுருட்டி அடைக்கிற பையன் இதை எழுதினானா என்று இருந்தது. மதிப்பெண் பட்டியலும் பிரமாதமாக வந்தது. காலையில் துறைமுக வாயைத் தாண்டிச் சின்னப் படகுகள் போகலாமா கூடாதா என்பதுதானே கேள்வி, கடந்துபோன வருஷங்களின் ஒவ்வொரு நாளுக்கும் நாங்கள் இப்போது ஓட்டுகிற பழைய புரோகிராம், உன்னுடையது இரண்டையும் பதில் சொல்ல வைத்து, கடலில் அலையை அளக்கிற மிதவை காட்டிய உண்மையான அலையோடு ஒப்பிட்டோம். எங்கள் பழைய புரோகிராம் தேவையில்லாமல் பயமுறுத்துகிற ஜாதி, அதற்கு மதிப்பெண் குறைவு. உன்னுடையது எங்கேயோ மேலே நின்றது. அப்பாவிடம் அன்றைக்கே சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்கிறாரோ இல்லையோ, ஒவ்வொருவரிடமும் உன் புராணத்தைப் பாட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து எனக்கு மனசு ஆறாது, நாள் நாளாக வரைபடத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸ் அறையில் ஏசி எப்போதும் குளிர்காலமாகவே இருக்கும், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாளில் நின்றுவிட்டேன். அன்றைக்கு இங்கே காற்றே இல்லை, மரத்தில் இலை அசையவில்லை, ஆனால் எங்கோ தொலைதூரக் கடலில் அடித்த புயலின் நீள அலை இரண்டு நாள் பயணம் செய்து நம் துறைமுக வாய்க்கு வந்திருக்கிறது. நீர் வற்றி வெளியே இழுக்கிற நேரத்தில் அந்த அலை உள்ளே வந்தால் அந்தக் குறுகலான வாயில் எப்படி எழும்பி உடையும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய புரோகிராம் அன்றைக்குப் போகாதே என்று கத்தியது. உன்னுடையது காற்றைப் பார்த்தது, காற்று இல்லை, அமைதி, போகலாம் என்று சொல்லிவிட்டது. சரி, ஒரு நாள் தவறுவது சகஜம் என்று மேலே போனேன், அதே மாதிரி இன்னொன்று. பிறகு கொந்தளிப்பான நாட்களை மட்டும் தனியே பிரித்து எண்ணிப் பார்த்தேன். பழையது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. உன்னுடையது பாதியைத் தவறவிட்டிருக்கிறது. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன் தம்பி. கணக்கு என்னுடையது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இன்னொரு முறை எண்ணினேன், பிறகு நம்பிக்கை வராமல் பக்கத்து மேஜைப் பெண்ணிடம், எதற்கென்று சொல்லாமல், அவளையும் தனியே எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னால் அவர் பட்டியலைக் காட்டுகிறார். மொத்தத்தில் இது முன்னே நிற்கும்போது நாலு மோசமான நாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே என்கிறார். வாயால் சொல்லி இவருக்கு ஏறாது என்று தெரிந்துவிட்டது. அன்று தேநீர் இடைவேளையில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன், ஒரே ஒரு வரி, எந்த நாளைக் கொடுத்தாலும் "போகலாம்" என்று மட்டும் சொல்லும். எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுகிற பிள்ளை, அதனால் சமர்த்து என்று பெயர் வைத்தேன். மறுநாள் மீட்டிங்கில் பழையது, புதியது, மூன்றாவதாகச் சமர்த்து என்று மதிப்பெண்களைத் திரையில் போட்டேன். உன்னுடையது முதலிடம், அதற்கு ஒட்டினாற்போல் சமர்த்து, பழையது கடைசி. இயக்குநருக்கு ஒரே உற்சாகம், இந்தச் சமர்த்து யாருடையது, எந்த நாட்டுக் கம்பெனி, ரொம்பப் பெரிய புரோகிராமா, நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுமா என்று வரிசையாகக் கேட்கிறார். ஓடும் சார், டீ ஆறுவதற்குள் நான் எழுதியது என்று அந்த ஒரு வரியைத் திரையில் போட்டேன். முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பக்கத்து மேஜைப் பெண்ணுக்குப் புரையேறிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்கிறவனும் முதல் வகுப்பில் பாஸாகிவிடுகிறான், போகக் கூடாத அன்றைக்குத்தானே நம் ஆபீஸுக்கே வேலை என்று சொல்லி, கொந்தளிப்பான நாட்களின் கணக்கை எடுத்துப் போட்டேன். அதில் சமர்த்துக்குப் பூஜ்யம்.

இயக்குநருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மீட்டிங் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் மகன் சம்பந்தப்பட்ட விஷயம், நீங்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை, வேறு ஒருவர் கையெழுத்துப் போடட்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம். முதல் நாளே நான் அதைத்தானே சார் கேட்டேன், பாஸ் போட அம்மா வேண்டும், ஃபெயில் போட வேறு ஆள் வேண்டுமா என்று நறுக்கென்று கேட்டுவிட்டேன். வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பேர் என் கணக்கைச் சரிபார்க்கட்டும், ஆனால் என் மறுப்பு எழுத்தில் இருக்கும், அதை எடுக்க மாட்டேன் என்றேன். மூன்று நாள் சரிபார்த்தார்கள். ஒரு எண்கூட மாறவில்லை. இந்தக் கொந்தளிப்புப் பருவம் முடியும்வரை பழைய எச்சரிக்கையே போகும், உங்களுடையது பக்கத்தில் சோதனைக்கு மட்டும் ஓடும், அடுத்த பருவத்துக்குள் சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடி பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மனுஷரும் பாவம், கடைசியில் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்.

இதைக் கேள்விப்பட்டுப் படகுச் சங்கத் தலைவர் மீசைக்காரர் ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டார். நீ சின்ன வயதில் அவர் மீசையைப் பார்த்து அழுவாயே, அவரேதான், மீசை மட்டும் வெளுத்துவிட்டது. "ஏம்மா, உங்க பழைய மெஷினு சும்மா சும்மா போகாதேங்குது, போய்ப் பாத்தா கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு, எங்க பொழப்பு என்னாவறது, புதுசு வருதுன்னு சந்தோஷப்பட்டோம், அதையும் நீங்க தடுத்துட்டீங்களாமே" என்று மேஜையைத் தட்டினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், வீணாகப் போகிற நாள் அவர்கள் வயிற்றில்தான் விழுகிறது. நல்லா திட்டுங்க அண்ணே, என்னைத் திட்டறதுக்கு நீங்க முழுசா கரைக்கு வந்து சேரணும், அதுக்குத்தான் தடுத்தேன் என்றேன். அவர் சமாதானமாகவில்லை, முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். பழையதும் போதாது, புதியதும் இன்னும் போதாது என்பதுதான் உண்மை, அதனால்தான் உன் வேலையைக் குப்பையில் போடச் சொல்லி நான் எழுதவில்லை.

வீட்டுக் கதையைக் கேட்டால் சிரிப்பாய். அப்பா பத்து நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் நேரே பேசுவதில்லை, வாஷிங் மெஷினிடம் பேசுகிறார். பெற்ற பிள்ளையின் சோற்றில் கை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அதனிடம் சொல்கிறார், நானும் அதனிடமே, சில பேருக்குக் கண்ணாடி விற்கத் தெரிந்த அளவுக்குக் கண் தெரிவதில்லை என்று பதில் சொல்கிறேன், நடுவில் வாயாடி துணியைக் காயப்போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். இந்த ஒப்புதல் கிடைத்தால்தான் உன் வேலை நிரந்தரம் என்று நீ அவரிடம் சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தெரிந்துதான் செய்தேன் தம்பி. தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நேற்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், நிஜமாவே நம்ம பையனுது பாதியை விட்டுடுச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், அவர் அழுகையை அடக்கினால் அப்படித்தான் துடைப்பார். "அப்ப போடாத. ஆனா அவன்கிட்ட நீயே சொல்லு, வேற எவன் வாயாலயும் அவன் கேக்கக் கூடாது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். உன் புரோகிராம் அமைதியான நாட்களையே பார்த்து வளர்ந்திருக்கிறது, காற்றில்லாமல் வருகிற அலையை அது நம்பப் பழகவில்லை. இது உனக்கு முடியாத வேலை இல்லை. கம்பெனியில் உன்மேல் கோபப்படுவார்கள், வேறு ஆளைப் போடலாம், வேலையே போனாலும் போகலாம். போனால் போகட்டும், நம் வீட்டில் உனக்குச் சாப்பாடும் அறையும் என்றைக்கும் உண்டு, அம்மா இருக்கிறேன். ஆனால் அவர்களாக வெளியே அனுப்பாதவரை நீயாக விட்டுவிட்டு வராதே. நீ சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடியும் நான்தான் சோதிப்பேன் என்று சொல்லிவிட்டேன், இதே கண்ணோடுதான் பார்ப்பேன், ஒரு நாளைக்கூடச் சலுகையாகத் தள்ளிவிட மாட்டேன். பாஸானால் போடுவேன், இல்லையென்றால் மறுபடியும் மறுப்புதான். எத்தனை தடவையானாலும் எனக்குச் சலிக்காது, உனக்கும் சலிக்கக் கூடாது.

நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த புத்தியோடும் இருக்க வேண்டும், எடுத்த வேலை உன் கையில் நல்லபடி முடிய வேண்டும், அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். கண்ணைச் சோதித்து பவர் என்னவென்று அப்பாவுக்கு எழுதி அனுப்பு, புதுக் கண்ணாடி செய்து வைக்கக் காத்திருக்கிறார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திங்கட்கிழமை அறிக்கையைப் படித்துவிட்டு உங்கள் மேலதிகாரி, யார் இந்தம்மா, நம் வேலையில் இவ்வளவு குறை கண்டுபிடித்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். நீ தலையைக் குனிந்துகொண்டு தெரியாதவன்போல இருந்துவிடாதே. எங்கள் அம்மாதான், அவர்கள் சொல்வது சரி, நான் சரிசெய்கிறேன் என்று எழுந்து நின்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா