தாழும் என்று எழுதிய அட்டை

ஆசிரியர் அறையில் இன்று யாரோ கோதுமை மாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னோடு இங்கே படிப்பித்த உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் காலமாகி மூன்று மாதம். உங்களிடம் சொல்ல வேண்டியது எனக்குள் அப்படியே கிடக்கிறது.

சவர்க்காரப் பெட்டிகளை வெட்டி, அந்தப் பசையால் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரு பக்கம் விஞ்ஞானக் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாம் இருவரும் எழுதிய அட்டைகள்! வகுப்புத் தரையில் சோக்கால் பாம்பும் ஏணியும் கீறுவீர்கள். விடை சரியென்றால் ஏணி, பிழையென்றால் பாம்பு. "பிள்ளையள் கொட்டாவி விடாத பாடம் ஒண்டாவது வேணும் டீச்சர்" என்பீர்கள்.

உங்கள் நியமனத்தை உறுதிப்படுத்தக் கல்வி அதிகாரி வந்த நாளிலும் அதையே விளையாட வைத்தீர்கள். நான் அலுமாரியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஆற்றிலிருந்து கடலுக்கு வரும் தோணி உயருமா, தாழுமா?' கிண்ணியாத் தோணிக்காரர் ஒருவரின் மகள் "உயரும்" என்றாள். அட்டையில் "தாழும்" என்றிருந்தது. மற்றப் பிள்ளைகள் அவளைப் பாம்பில் இறங்கச் சொன்னார்கள்.

"ஏலாது டீச்சர். வாப்பாட தோணி கடல் உப்புத்தண்ணிக்கு வந்தா உயரும்தான். நான் கண்டனான்."

அவள் அசையவில்லை. அதிகாரி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர் இதை எழுதினது?"

நான்தான். கடலிலிருந்து ஆற்றுக்கு என்றிருந்த கேள்வியை, புதினமாக இருக்கட்டுமென்று திசை மாற்றி எழுதியவள், விடையை மாற்ற மறந்துபோனேன். நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் எழுதினனான் சேர். பிள்ளை சொன்னது சரி. அவ ஏணியில ஏறட்டும்" என்றீர்கள் நீங்கள்.

விளையாட்டுக் காட்டிப் பிழை படிப்பிக்கிறார் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். உங்கள் நியமனம் உறுதியாகவில்லை. வருட முடிவில் தம்பலகாமத்துக்கு உள்ளே, தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதிகாரி வந்த அன்று பின்னேரம், தோணித் துறையடியில் நான் வாயெடுக்கும் முன்னமே, "விடுங்கோ டீச்சர். அந்தப் பிள்ளை அதிகாரிக்கு முன்னால நிண்ட நிலையைப் பாத்தீங்களே? அதைக் கதையுங்கோ" என்று சிரித்தீர்கள். எனக்கு 'அப்பாடா' என்றிருந்தது. சீ, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. அடுத்த நாளே அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

இப்போதும் அட்டைகள் எழுதுகிறேன். பிள்ளைகள் "பிழை டீச்சர்" என்றால், "ஓம், நான்தான் எழுதினனான்" என்று உடனே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சிரிப்பார்கள். சொல்ல வேண்டிய அந்த ஒரு தரம் வாய் திறக்காதவளுக்கு, எத்தனை தரம் சொன்னாலும் போதவில்லை.