ஒரு பேக்கிங் மிச்சம்

செவ்வாய்க் கிரகம், நாள் 212, நேரம் 07:40
கொட்டகைக் காற்றில் கார்பன் மோனாக்சைடு: 3 | வண்டி இன்று ஓடியது: 0 கி.மீ.

கருணாம்பிகை, மெக்கானிக், இரண்டாம் போர்வெல் முகாம். மேலே இருக்கும் எண்களை இந்தப் பதிவு இயந்திரமே போட்டுக்கொள்கிறது. ரேடியோவில் பேசுவதையும் அதுவே பதிந்துகொள்கிறது. மற்றதெல்லாம் என் எழுத்து. எண்களை நான் பார்ப்பதில்லை. ஏழு மாதமாக அதே எண்கள், அதில் என்ன இருக்கிறது பார்க்க?

பம்ப் சரி. வடிகட்டி மாற்றினேன். இடுப்பு வலி. டீத்தூள் தீர்ந்து பதினெட்டு நாள். இதைப் படிப்பவர் எங்களுக்குச் சரக்கு அனுப்பும் பெரிய நிலையத்து ஆள் என்றால் உங்களுக்கு மனசாட்சியே கிடையாது. புழுதிப் புயலில், தூரத்திலிருக்கும் உங்களோடு பேச்சும் அறுந்து நான்கு நாளாகிறது.

08:20
கா.மோ: 3 | 0 கி.மீ.

ரேடியோ, அர்த்தநாரி: “அக்கா, காத்து மெசின் நின்னு போச்சுங்க. தட்டிப் பாத்தேன், ஒதச்சும் பாத்தேன். கேபின்ல இருக்கற காத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்குந்தான் வருமுங்க.”

அர்த்தநாரி எண்பது கிலோமீட்டர் தள்ளி, போர்வெல் ரிக் வண்டியில் தனியாகத் துளை போடுகிறான். இங்கிருந்து பிக்கப் வண்டியில் நான்கு மணி நேரம். இரண்டு மணிக்குள் நான் கிளம்பியாக வேண்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து அவனைக் கூட்டி வந்தவள் நான்தான். “ரெண்டு வருசங் கண்ணு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்” என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்ன வாய் இது.

09:05
கா.மோ: 42 | 0 கி.மீ.

இஞ்சினைப் போட்டதும் டப் டப் என்று சத்தம். மேனிஃபோல்டு விரிசல். இஞ்சினின் நான்கு ஓட்டைகளிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய் அது. ஊரில் இதெல்லாம் ஒரு வியாதியே இல்லை. சத்தத்தோடு சேலம் வரை ஓட்டிப் போவார்கள். இங்கே வண்டி தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே சுமக்கிறது. விரிசலில் வரும் அனல் நேராக அந்த ஆக்ஸிஜன் குழாய் மேல் அடிக்கிறது. இப்படியே போனால் பாதி வழியில் வண்டியும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்.

ஸ்பேர் மேனிஃபோல்டு ஒன்று இருக்கிறது. மாற்றிவிடலாம்.

10:15
கா.மோ: 170 | 0 கி.மீ.

எட்டு நட்டு. எட்டும் பேய் பிடித்த மாதிரி இறுகிக் கிடக்கிறது. இஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட்டு, சூட்டோடு சூடாகத் திருப்பினால்தான் இளகும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அங்கே மூன்று பக்கம் சுவரே கிடையாது, இந்தக் கொட்டகையோ எல்லாப் பக்கமும் அடைப்பு. அதனால் சைலன்சர் முனையில் ஹோஸ் மாட்டி, புகையை வெளியே விட்டிருக்கிறேன். நாங்களும் விவரமானவர்கள்தான்.

நச்சுவாயு அலாரம் ஐம்பதைத் தாண்டியதென்று காது கிழியக் கத்தியது. நான் மிளகாய் வறுத்ததற்கே கத்திய சனியன். புகை வாடை துளிகூட இல்லை. வயரைப் பிடுங்கிப் போட்டேன். இப்போதுதான் நிம்மதி.

11:30
கா.மோ: 290 | 0 கி.மீ.

மூன்று தடவை சூடு காட்டியாயிற்று. ஏழு நட்டு கழன்றது. எட்டாவது மட்டும் மாமியார் வீட்டு விருந்தாளி போல நகர மாட்டேன் என்கிறது. நெற்றிப்பொட்டில் சுத்தியால் அடிப்பது போல வலி. டீ இல்லாத வலி, வேறென்ன.

ரேடியோ, அர்த்தநாரி: “ஏனுங்க்கா, கெளம்பீட்டீங்ளா?”

ரேடியோ, நான்: “இன்னும் ஒரே ஒரு நட்டுடா. நீ பேசாம மல்லாக்கப் படு. பேசுனா காத்து செலவாவும்.”

ரேடியோ, அர்த்தநாரி: “நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்டானாம்.

12:45
கா.மோ: 380 | 0 கி.மீ.

எட்டாவதும் வந்துவிட்டது. வாந்தி எடுத்தேன். பழைய மேனிஃபோல்டைக் கழற்றி மூலையில் வீசினேன். இஞ்சினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கும் பேக்கிங்கைச் செம்புத் தகட்டில் வெட்டினேன், ஓட்டைக்கு ஒன்றாக நான்கு. வெட்டுவதற்குள் கை தடுமாறுகிறது. வயசாகிவிட்டது எனக்கு. இந்த வேலை முடிந்தால் ஊருக்குப் போய் ஒரு மாதம் தூங்குவேன். யாராவது எழுப்பினால் உதை.

13:40
கா.மோ: 380 | 0 கி.மீ.

புது மேனிஃபோல்டு ஏறிவிட்டது. எட்டு நட்டும் முறுக்கியாயிற்று. வேலை முடிந்தது, அம்மாடி.

பெஞ்சு மேல் ஒரு பேக்கிங் மிச்சம் கிடக்கிறது. ஐந்தாக வெட்டியிருப்பேன் போல.

13:55
கா.மோ: 450 | 0 கி.மீ.

கிளம்புகிறேன். இஞ்சின் ஓடுகிறது. சத்தம் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை, காதுக்குள்ளேயே ஏதோ இரைகிறது. உடுப்பு மாட்டிவிட்டேன். ஹெல்மெட் மடியில், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். கொட்டகைக் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அர்த்தநாரி, வந்துகொண்டிருக்கிறேன்டா.

15:20
கா.மோ: 560 | 0 கி.மீ.

சாலை நன்றாக இருக்கிறது. குலுக்கலே இல்லை. சிவப்பு மேடு தாண்டியாயிற்று. இவ்வளவு சீக்கிரம் தாண்டுவேன் என்று நினைக்கவில்லை. வலியும் போய்விட்டது. கண்தான் சொக்குகிறது. ஸ்டீரிங்கில் கொஞ்சம் தலை சாய்த்துக்கொண்டே ஓட்டுகிறேன், வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. நல்ல வண்டி.

16:30
கா.மோ: 620 | 0 கி.மீ.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. நிறுத்த நேரமில்லை. அவன் காத்திருப்பான். கடைக்காரர் கை காட்டினார், நானும் கை

பெயர் என்ன, அவன் பெயர். அர்த்தநாரி. மறக்கவில்லை. மறக்கவே இல்லை.

17:02
கா.மோ: 650 | 0 கி.மீ.

ரேடியோ, அர்த்தநாரி: “அக்கா, எங்கீங்க இருக்கீங்க?”

ரேடியோ, நான்: “வந்துட்டங் கண்ணு. உன்ர ரிக்கு தெரியுது.”

ரேடியோ, அர்த்தநாரி: “நெசமாவாங்க? சன்னல்ல பாத்தா ஒரே புழுதிங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. நான் வெளிய வந்தர்ட்டுங்ளா? கதவத் தொறந்தா கேபின் காத்து பூராம் போயிருமுங்க. உடுப்புல இருக்கற காத்து முக்கா மணி நேரத்துக்குத்தான் வருமுங்க. அதான் கேட்டுக்கறேன்.”

ரேடியோ, நான்: “தொறடா. வாசல்லதான் நிக்கறேன்.”

ரேடியோ, அர்த்தநாரி: “செரிங்க்கா. தொறந்துட்டேன்.”

வந்து சேர்ந்துவிட்டேன். அவன் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கண் மூடிக்கொண்டு

17:44
கா.மோ: 690 | 0 கி.மீ.

ரேடியோ, அர்த்தநாரி: “அக்கா, ரிக்கச் சுத்தி ரெண்டு தடவ வந்துட்டேனுங்க. உங்களக் காணம். லைட்டப் போட்டுக் காட்டுங்க்கா. உடுப்புல காத்து இன்னும் மூணு நிமிசந்தான் காட்டுதுங்க. அக்கா? பேசுங்க்கா. ரேடியோவுல உங்க இஞ்சின் சத்தம் நல்லாக் கேக்குது. அப்பக் கிட்டத்துலதாங்க இருக்கோணும். இருங்க, இன்னுங் கொஞ்சம் நடந்து பாக்கறேன்.”