நான் அழித்த பதினான்காம் எண்

மச்சான்,

நீ மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகும் மழைச்சட்டையில் சுற்றித்தான் உன் மனைவி லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். மழை வாடையும் பெட்ரோல் வாடையும் இன்னும் அதில் போகவில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமாம். எல்லாப் படமும் இதற்குள் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது என்றாள்.

பென்டிரைவில் இருந்து கணினியை எழுப்பி உன் டிஸ்க்கைத் திறந்தேன். மேலே @ என்று ஒன்று, @home என்று ஒன்று, அவ்வப்போது எடுத்துவைத்த, எண் போட்ட பிரதிகள் ஒரு வரிசை. ஒரே டிஸ்க்கை அறை அறையாகத் தடுக்கும் சப்வால்யூம் முறை. பல அறைகளில் முழு இயங்குதளமும் இருக்கும். ஆனால் கணினி பூட் ஆவது, அதாவது தொடங்கி ஓடுவது, ஓர் அறையிலிருந்துதான்; அதுதான் ரூட். அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

அந்த டியூஷன் சென்டர் கணினியும் இதே அமைப்போடுதான் தம்போயில் நாம் இரண்டு பேரும் நடத்திய கணினிக் கடைக்கு வந்தது, டிஸ்க் நிரம்பி. "பேரைப் பாக்காத மச்சான், எதுலேர்ந்து பூட் ஆகுதுன்னு பூட் ஃபைல்ல பாரு" என்றாய். சரி லா என்றேன், பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். @ தான் ரூட், எண் போட்டதெல்லாம் பழைய குப்பை என்று மொத்தமாக அழித்தேன். சென்டர்க்காரர்களோ ஏதோ அப்டேட் கெட்டுப்போய், எப்போதோ பதினான்காம் எண் பிரதிக்குத் திரும்பியிருந்தார்கள். அன்றிலிருந்து கணினி ஓடியது அதில்தான். பிள்ளைகளின் பதிவு, வினாத்தாள் எல்லாம் அதற்குள். @ இல் மிஞ்சியது இரண்டு வருடப் பழசு.

சென்டர்க்காரர் வந்து யார் அழித்தது என்று கேட்டார். "நான்தான் சார் அழிச்சேன்" என்றாய் நீ. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் சென்டர் இருந்த அதே தாமான் குடியிருப்பில் இருந்தார்கள். என் தப்பு அவர்கள் காதுக்குப் போகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாய். நானும் கல்லுப்பிள்ளையார் போல நின்றேன்.

கடையின் பேர் கெட்டது, வேலை வருவது நின்றது. கடை இரண்டு பேருக்குத் தாங்கவில்லை. நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாய், தினமும் எல்லைப் பாலம் தாண்டி மோட்டாரில். ஏழாவது மாதம், மழையில், ஒரு லாரி.

இந்த முறை பூட் ஃபைலைப் பார்த்தேன். உன் லேப்டாப்பும் @ இல் ஓடவில்லை. எண் போட்ட ஒரு பிரதியில்தான் ஓடியிருக்கிறது. ஒன்றையும் அழிக்காமல் படங்களை மட்டும் நகல் எடுத்தேன். மெர்சிங் படகுத்துறையில் தலைமுடி பறக்க நீ சிரிக்கும் படம் கிடைத்தது. அதையே பெரிதாக்கிக் கொடுத்தேன்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அண்ணா, அன்னிக்கு அவரு அந்தத் தப்பு பண்ணாம இருந்திருந்தா, இங்கயே இருந்திருப்பாரு இல்ல?"

"அழிச்சது நான்மா. அவன் என் பழியை எடுத்துக்கிட்டான்."

"கடைசி வரைக்கும் எங்கிட்டயும் தன் தப்புன்னுதான் சொன்னாரு" என்றாள். படத்தை மழைச்சட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பதினாறாம் நாள் போனேன். நீ மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாய். எல்லோருக்கும் பரிமாறியவள் என் இலைக்கும் சோறு வைத்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

இப்போதெல்லாம் எந்த டிஸ்க்கிலும் கை வைக்குமுன் மூன்று தடவை பார்க்கிறேன், மச்சான். அன்று ஒரு தடவை பார்த்திருந்தால் நீ இருந்திருப்பாய்.