பால்மா டின்னில் வெட்டிய கண்கள்

1992 மார்கழி 13, ஞாயிறு

இன்று புனித லூசியாவின் திருநாள். றீற்றாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். என் மனைவிக்கு இடது கண் முன்னமே போய்விட்டது. வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கட்டியிருக்கிறார்கள். நாளைக்குத்தான் கட்டவிழ்ப்பார்கள். பார்வை வருமோ என்று டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

வெள்ளியில் கண் செய்து வைப்பதாக அவளுக்கு நேர்த்திக்கடன். சண்டையும் பொருளாதாரத் தடையுமாய் இருக்கிற இப்போது வெள்ளிக்கு எங்கே போவது? நகை செய்யும் பத்தர் பால்மா டின்னில் ஒரு சோடி வெட்டித் தந்தார். ஒரு கண்ணின் பின்பக்கத்தில், டின்னில் அச்சடித்திருந்த மாட்டின் வால் தெரிந்தது.

"உனக்கு மாட்டுக்கண்தான் கிடைக்கப்போகுது" என்றேன்.

"வாயைப் பொத்துங்கோ, கோயில்."

லூசியாவின் சுரூபத்தின் முகத்தில் இரண்டு கண்கள், கையிலிருந்த தட்டிலும் இரண்டு. "இவவிட்டை நாலு கிடக்கு. உனக்கு ஒண்டு தந்தால் குறைஞ்சே போவா?" என்றேன்.

"தட்டிலை இருக்கிறது அவ பறிகுடுத்தது. முகத்திலை இருக்கிறது ஆண்டவர் திருப்பிக் குடுத்தது. இது தெரியாமல் இவ்வளவு நாளும் கும்பிட்டனீங்களோ?"

அவள் கையைப் பிடித்துத் தகரக் கண்களைச் சுரூபத்தடியில் வைத்தேன்.

வரும் வழியில் பின்னாலிருந்து கேட்டாள்: "கட்டவிழ்த்தால் முதல் உங்கடை முகமோ தெரியும்?"

"ஓம்."

"அப்ப அந்தத் தாடியை வழியுங்கோ. பயத்திலை திரும்ப மூடிப்போடுவன்."

சவர்க்காரம் கிடைக்கவில்லை. வெறுந்தண்ணீரில் வழித்துவிட்டேன். கன்னம் எரிகிறது. எரியட்டும்.