மலைக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள பல் டெக்னீஷியன் அவர்களுக்கு,

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். இத்தனை வருடம் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்ட வாய் இது. போன வாரம் நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்துவிட்டது. என் தங்கைக்கு நீங்கள் கணவர் இல்லை என்று ஆன பிறகு உங்களை என்னவென்று கூப்பிடுவது? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

பார்சலில் பஞ்சுக்கு நடுவே ஒரு சிக்னல் கம்பம் இருக்கிறது. லிஃப்ட் பட்டனுக்குள் எரியுமே, அந்தக் குட்டி விளக்கை வைத்துச் செய்தேன். ரயில் தாண்டியதும் தானாகச் சிவப்புக்கு மாறும். உங்கள் மலைக்குத் தகுதியானதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய மலை உச்சிப் படத்தை எங்கள் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர், "லீவுல எந்த மலைக்குப் போனீங்க?" என்று கேட்டார். பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில் செய்த மலை என்றதும் வாயைப் பிளந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மே மாதக் குட்டி ரயில் கண்காட்சிக்கு நாம் சேர்ந்து பெயர் கொடுத்தது நினைவிருக்கும். மலை உங்களுடையது, ஸ்டேஷன் என்னுடையது. என் பலகையின் வலது முனையில் தண்டவாளம் முடியும். உங்கள் பலகையின் இடது முனையில் சுரங்கத்தின் வாய். அங்கே இரண்டும் சேரும். நடுவில் இப்படி ஆகிவிட்டது. உறவு போனால் ரயிலும் போக வேண்டுமா? எனக்கு விட மனசில்லை. ஆனால் தங்கை எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும்போது உங்களுக்கு எழுதுவது அவளுக்குச் செய்யும் துரோகமோ என்றும் உறுத்துகிறது.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் "ம்" என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டீர்கள். காகிதத்தில்தான் உங்களுக்கு வாய் இருக்கிறது.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


பிப்ரவரி 13

அன்புள்ள மச்சானுக்கு,

எனக்கு வேறு வார்த்தை தெரியாது. பிடிக்கவில்லையென்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

சிக்னலைப் பார்த்துச் சொக்கிப்போனேன். பல் செட்டுகளைத் தேய்க்கும் மேசையிலேயே அதைப் பொருத்தி, ரயிலை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். சிவப்புக்கு மாறும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வருகிறதே, அதை வேண்டுமென்றே வைத்தீர்களா? நிஜ ஸ்டேஷனில் நிற்பது போலவே இருக்கிறது. இந்த வேலைக்கு ஒரு பொறுமை வேண்டும். எனக்குப் பல்லில் இருக்கிற பொறுமை ஒயரில் கிடையாது.

முதல் முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, கட்டிலுக்கடியில் ஓடிய ரயிலை நாம் இருவரும் குப்புறப் படுத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? அன்றைக்கே உங்கள் தங்கை, "இந்த வீட்டுக்கு இன்னொரு அண்ணன் வந்துட்டார்" என்றாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. "மலைல குடியிருக்கற பொம்மைங்களோட இருக்க நேரமிருக்கு, என்னோட ரெண்டு வார்த்தை பேச நேரமில்ல" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் மலையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறேன். கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் பிளாட்ஃபாரத்துக்கு ஒரு பொம்மை அனுப்பியிருக்கிறேன். பல் செட்டின் ஈறுக்குப் போடும் ரோஸ் கலவையில் செய்தது. வண்ணம் அடிக்கவில்லை.

அன்புடன்,
பல்காரன்


மார்ச் 2

அன்புள்ள பல்காரருக்கு,

கேட்கலாம் என்று நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பார்சலை வாங்கிப் பிரித்தது யார் தெரியுமா? அவளேதான். நான் வேலை முடிந்து வந்தபோது, குடை பிடித்து நிற்கும் அந்த ரோஸ் பெண்ணை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான்தானே?" என்றாள்.

தெரியாது என்றேன். மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது, எனக்கென்ன தெரியாமல்?

"நல்லாத்தான் செஞ்சிருக்கார். ஆனா வாய் மூடியிருக்கே. நான் எப்ப வாய மூடிட்டு நின்னேன்? ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவர், எனக்கு ஒரு பல்லுகூட வைக்கலையே" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு என் பெயிண்ட் டப்பாக்களை வாங்கிப் போய், குடைக்கு மஞ்சளும் உடுப்புக்குப் பச்சையும் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நகக்கண் அளவு முகத்தில் ஒரு மனுஷியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்களே, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

மலை முடிந்தது. பின்னால் வானம் வரைந்த தட்டியும் நிறுத்தியாயிற்று. படம் இணைத்திருக்கிறேன். உங்கள் சிக்னலைச் சுரங்கத்தின் வாயிலேயே வைத்திருக்கிறேன். மலைக்கே அதுதான் அழகு.

இன்னொரு பொம்மையும் வருகிறது. இந்த முறை வாய் திறந்து சிரிக்கிறாள். உள்ளே தெரியும் வெள்ளைப் புள்ளி நிஜப் பல் செட்டில் உடைந்த துணுக்கு. முதல் பொம்மையில் விட்டது என் தப்பு. அவள் சிரிப்பைத்தானே முதலில் செய்திருக்க வேண்டும்.

பல்காரன்


ஏப்ரல் 26

அன்புள்ள பல்காரருக்கு,

மலையைப் பார்த்து அசந்துபோனேன். பாறை இடுக்கில் பாசிகூட இருக்கிறது! அப்புறம்தான் சுரங்கத்தைப் பார்த்தேன். சாமி, அது வலது முனையில் இருக்கிறது! என் தண்டவாளமும் வலது முனையில்தான் முடிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், என் ரயில் போய் உங்கள் மலையின் விலாவில் முட்டி நிற்கும். இடது என்றுதானே எழுதியிருந்தேன்?

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 30

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் இடது என்றுதான் எழுதியிருந்தீர்கள். நானும் இடதில்தான் வைத்தேன். எங்கள் தொழிலில் இடது என்றால் எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரின் இடது. பல் அச்சுகளைப் பார்த்துப் பார்த்து அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. மலையும் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர் மாதிரிதான் தெரிந்தது. அதன் இடதில் வைத்தேன், உங்களுக்கு அது வலதாகிவிட்டது.

இருப்பது மூன்று வாரம். மலையைக் குடைந்து மறுபக்கம் சுரங்கம் போட்டால் பிளாஸ்டர் பாளம் பாளமாக உடைந்துவிடும். யோசித்துப் பார்த்தேன். விட்டுவிடலாம் மச்சான். உங்கள் ஸ்டேஷனைத் தனியாகவே வையுங்கள், அது ஒன்றே போதும் கூட்டத்தைக் கூட்ட. எதிரே இருக்கிறவரை நான் எப்போதும் தப்பாகவே புரிந்துகொள்கிறேன் போலிருக்கிறது. வீட்டிலும் அதைத்தானே செய்தேன். நமக்குள் இருந்த கடைசி இணைப்பையும் நானே கெடுத்துவிட்டேன்.

பல்காரன்


மே 4

அன்புள்ள பல்காரருக்கு,

உளறாதீர்கள். இந்த மலையைப் பரணில் போட விட்டால் நான் மனுஷனே இல்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு நெருப்புப் பெட்டிகளை வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெட்டியை எடுத்து முன்பக்கம் பின்னாலாகத் திருப்பி வைத்தாள். "அவ்வளவுதானே? இதுக்கா ரெண்டு பேரும் இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவேதான்! உங்கள் பலகையைத் திருப்பிப் போட்டால் முனைகள் சேர்ந்துவிடும். தண்டவாளம் இரண்டிலும் முனையின் சரிநடுவில் வந்து முடிவது நம் அதிர்ஷ்டம். ஆனால் மலையின் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும், சுவரோரம் வைக்க முடியாது. அதனால் கண்காட்சி நடத்தும் சங்கத்துச் செயலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி மண்டபத்தின் நடுவில் இடம் வாங்கிவிட்டேன். நான் இந்தப் பக்கம் நிற்பேன், நீங்கள் அந்தப் பக்கம். ஒரே தொல்லை, இரண்டு வானத் தட்டிகளும் மறைக்கும். உங்கள் பக்கம் போன ரயில் எனக்குத் தெரியாது, என் பக்கம் வந்தது உங்களுக்குத் தெரியாது. எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். "ம்" என்றால் ரயில் கவிழ்ந்துவிடும்.

லிஃப்ட்காரன்


மே 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடியுங்கள். நேற்று நீங்கள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. "அனுப்புங்க மச்சான்!" "வந்தாச்சு, வந்தாச்சு!" "கொஞ்சம் நிறுத்துங்க, ஒரு குழந்தை பாத்துட்டிருக்கு, அது பாத்து முடிக்கட்டும்!" மண்டபமே நம் இருவரையும்தான் வேடிக்கை பார்த்தது. செயலாளர் உங்கள் மலை முன்னால் நின்றவர் நகரவே இல்லையாமே. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஒன்றை நேற்று உங்களிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் வந்திருந்தாள். என் பக்கம்தான் நின்றாள். பிளாட்ஃபாரத்தில் சிரிக்கிற பெண்ணைக் குனிந்து பார்த்து, "இது சரி" என்றாள். அப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது. நிமிர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு பேசுவாராண்ணா இவர்?"

"சொல்லலைன்னா ரயில் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

"எனக்கும் அப்படித்தாண்ணா இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் வந்து பார்க்கச் சொன்னேன். வேண்டாம், கேட்டதே போதும் என்றாள். கண் துடைத்தாளா என்று நான் பார்க்கவில்லை, ரயில் வந்துகொண்டிருந்தது.

வாசல் வரை கொண்டுபோய் விட்டபோது, மனதில் இருந்ததை அவளிடமே கேட்டுவிட்டேன், உங்களை இனி என்னவென்று கூப்பிடுவது என்று. நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைன்னே கூப்பிடு. நான் விட்டது என் புருஷனை. உன் மாப்பிள்ளைய விடச் சொல்லி நான் எப்பவாவது கேட்டேனா?"

அதனால்தான் இந்த முறை முதல் வரியை எழுத யோசிக்கவே இல்லை.

உங்கள்
மச்சான்